அடுக்களை லைன்

2015ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஏழு மாதம் நோயாகக் கிடந்தது. படுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று திரை கறுக்கும், உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், பிறகு தானாகவே எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோலக் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒருநாள் ஒருமுறை, மறுநாள் நாலுமுறை, அதற்கடுத்த இரண்டு நாள் எதுவுமே இல்லை.

கவிதையை நான் இன்றும் நோட்டில்தான் எழுதுகிறேன். வினாத்தாளும் கல்லூரிக்கான அறிக்கைகளும் அழிந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். அழியக் கூடாத ஒன்று தகரப்பெட்டியில் இருந்தது: முப்பத்தாறு கேசட்டுகள். முனைவர் பட்ட ஆய்வுக்காக அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கத்து ஊர்களில் பெண்களிடம் பதிவுசெய்த ஒப்பாரிகளும் தாலாட்டுகளும் அவை. நாற்று நடவு முடிந்து கரையேறிய ஈரக்காலோடு உட்கார்ந்து பாடிக்கொடுத்தவர்கள் உண்டு. அவர்களில் பாதிப்பேருக்குமேல் இப்போது உயிரோடு இல்லை. ஆய்வேட்டில் பாட்டின் சொற்கள் இருக்கின்றன. குரல் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது.

கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது கோப்பை நகலெடுப்பதுபோல அல்ல. டேப்ரிக்கார்டரிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் பின்னாலுள்ள நீலத் துளையில் செருகி, கேசட்டை ஓடவிட வேண்டும். ஒரு பக்கம் 45 நிமிடம் என்றால் மாற்றுவதற்கும் 45 நிமிடம். அவசரப்படுத்த வழியில்லை. நடுவில் கம்ப்யூட்டர் செத்துப் பிழைத்தால், அதுவரை பதிவானது மீண்டுவந்தால்கூட, கேசட் தன்பாட்டுக்கு ஓடிப்போயிருக்கும். திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்ட வேண்டும். பழைய நாடாவை ஒவ்வொருமுறை ஓட்டும்போதும் அதன் காந்தப் பூச்சு கொஞ்சம் உதிரும். டேப்ரிக்கார்டரின் தலையைப் பஞ்சால் துடைத்தால் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பழுப்பு யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும்.

45 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க எந்தப் பெண்ணால் முடியும்? காலையில் ஐந்தரைக்குக் கேசட்டைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போவேன். மாலையில் கல்லூரியிலிருந்து வந்ததும் இன்னொரு பக்கம். திரும்பி வந்து பார்த்தால் கேசட் சுற்றிக்கொண்டிருக்கும், திரையோ கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். சாவு எப்போது நிகழ்ந்தது என்று பார்க்க ஆளில்லை.

நோய்க்குக் காரணம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. கடையிலிருந்து வந்த பையன் முதலில் கேட்டது, "சார் எப்ப வருவாவ மேடம்?" என்று. சார் வந்தால் என்ன சொல்வார் என்று கேட்டேன். அவனுக்குப் பதில் தெரியவில்லை. "ஷட் டவுன் பண்ணாம சுவிட்ச நிப்பாட்டுவீங்களோ?" என்றான். ராம் அட்டையைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் அதன் பொன்னிற ஓரத்தைத் தேய்த்து மாட்டினான். வைரஸ் என்று சொல்லி விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டான். பிறகு பெட்டியையே கடைக்குத் தூக்கிப்போனான். இரண்டு நாள் கழித்து ஃபோன் வந்தது: "நிக்காம ஓடுது மேடம். மிஷின்ல ஒண்ணுமில்ல."

மிஷினில் ஒன்றுமில்லை என்றால் குறை வேறு எங்கே? அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த உறவினர்கள் சொன்னார்கள். "தமிழ் டீச்சருக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று சிரித்தார்கள். மாமியார், "ஒனக்கு அந்தப் பெட்டி ராசியில்ல, விட்டுத் தொலையேன்" என்றார்.

இதே கம்ப்யூட்டர் 2012இலும் நின்று நின்று எழுந்ததுதான். அப்போது யாரும் என்னைச் சொல்லவில்லை. அந்த ஆண்டு மின்வெட்டை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு 2 மணி நேரம். மற்ற மாவட்டங்களில் ஒருமணி நேரம் வரும், ஒருமணி நேரம் போகும், ஆண்டின் கடைசி மாதங்களில் இருட்டு 12 மணி நேரத்தையும் தாண்டியது. தாமிரபரணி மலையிறங்கும் பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆற்றோரத்து ஊர்களில் நாங்கள் பனையோலை விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கூடங்குளம் உலை ஓடினால் எல்லாம் சரியாகும் என்று மேடைகளில் பேசினார்கள். கடற்கரை மணலில் உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்திருந்த இடிந்தகரைப் பெண்களைத் திட்டியபடிதான் பலர் அன்று மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். முதல் அலகு 2013 அக்டோபரில் மின்தொகுப்பில் இணைந்தது. ஓரிரு ஆண்டுகளில் அந்த நீண்ட மின்வெட்டும் ஓய்ந்தது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் ஓயவில்லை. கரண்டைக் குற்றம் சொல்ல முடியாமல் போனதும் விரல் என் பக்கம் திரும்பியது.

2012 எங்கள் வீட்டில் விட்டுச்சென்றவை இரண்டு. ஒன்று, கம்ப்யூட்டருக்குக் கீழே இருந்த யுபிஎஸ். அதற்குள் இருப்பது 12 வோல்ட்டில் ஒரு சின்ன ஈய அமில பேட்டரி. அடிக்கடி முழுக்க வடிந்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். மணிக்கொருமுறை வடிந்து வடிந்து அது எப்போதோ செத்திருந்தது. பச்சை விளக்கு மட்டும் பொய்யாக எரிந்துகொண்டிருந்தது. இன்னொன்று, வீட்டு இன்வெர்ட்டர். அதன் இணைப்பைக் கொடுத்தபோது எந்தெந்த இடத்துக்கு என்று பட்டியல் போட்டார்கள்: பட்டாசலில் ஃபேன், விளக்கு, டிவி, படுக்கையறையில் ஃபேன், வாசல் விளக்கு. அடுக்களையும் என் மேசையும் பட்டியலில் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் எந்தெந்த விளக்குகள் எரிகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வீட்டில் யாருடைய வேலை நிற்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

விண்டோஸுக்குள் 'ஈவன்ட் வியூவர்' என்று ஒரு பகுதி உண்டு. கம்ப்யூட்டர் தனக்கு நடந்ததையெல்லாம் நேரத்தோடு எழுதிவைக்கும் நாட்குறிப்பு. முறையாக மூடாமல் நின்று எழுந்த ஒவ்வொரு முறையும் 'கெர்னல் பவர்' என்ற பெயரில் 41 என்ற எண்ணோடு ஒரு வரி விழும். ஏன் நின்றது என்று அது சொல்லாது. நின்று எழுந்த தடம் மட்டும் இருக்கும். எனக்கு அது போதும். பிரதிகளை வைத்துக் காலம் கணிப்பது எங்கள் துறையில் அன்றாட வேலை. ஒரு மாதத்து 41களையெல்லாம் நோட்டில் எழுதினேன். தமிழ் படித்தவளின் பழக்கத்தில், தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுதுகளின்படி பிரித்தேன்.

யாமத்தில் ஒன்றுகூட இல்லை. பரீட்சைத்தாள் மதிப்பெண்ணை நான் அடித்துக்கொண்டிருந்த நள்ளிரவுகளில் அது ஒருமுறையும் நின்றதில்லை. நண்பகலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மிச்சமெல்லாம் வைகறையிலும் மாலையிலும். வைகறை மருதத்துக்குரிய பொழுது, மருதத்துக்குரியது ஊடல் என்று முப்பது மாணவிகளுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். ஆற்றுப்பாசன நெல்வயல் சூழ்ந்த மருதநிலத்தில் ஒரு கம்ப்யூட்டரும் வைகறையில் ஊடிக்கொண்டிருந்தது.

பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் அந்தந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை எழுதத் தொடங்கினேன். 5:40, மோட்டார் போட்டது. 6:50, தேங்காய்ச் சட்னி. 7:15, மிக்ஸியில் மிளகாய்ப்பொடி. மாலை 6:20, இட்லிக்கு மாவு. ஞாயிறு 11:30, கறிக்கு மசாலா. இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தபோது கம்ப்யூட்டர் சாகும் நேரமும் அடுக்களை உயிரோடு இருக்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. கடையில் இரண்டு நாள் அது ஏன் நிற்கவில்லை என்பதும் புரிந்தது. கடையில் யாரும் சட்னி அரைப்பதில்லை.

அந்த வாரம் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "மோட்டாரு போட்டா கிரைண்டரு முனங்குதுல்லா? பிரிட்ஜு லைட்டும் மங்கும். நீங்க கேட்டதில்லையா?" என்றார். தினமும் அந்தக் கிரைண்டர் பக்கத்தில் நிற்பவர் அவர். வோல்டேஜ் இறங்குவதைக் காதாலேயே அளந்துவைத்திருந்தார். அதுவரை வந்த எவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிறகு ஒரு வயதான எலக்ட்ரீஷியன் வந்தார். நோட்டை வாங்கி இரண்டு பக்கத்தையும் கண்ணாடி போட்டுப் படித்தார். "இது போதும் தாயி" என்றார். முள் மீட்டரை என் மேசைப் பிளக்கில் செருகிவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னார். 228இல் நின்ற முள் ஒரு துள்ளலில் 160க்குக் கீழே விழுந்து மறுபடி ஏறியது. விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது. மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக்கொடுக்கிறது. வரத்து அறுந்தால் அதனால் தாங்க முடிவது ஏறத்தாழ ஒரு சுற்று, அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். விளக்குக்கு அது கண்சிமிட்டல், கம்ப்யூட்டருக்கு மரணம். கழற்றிப் பார்த்தபோது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருந்த கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாங்கும் தெம்புகூட அதற்குப் போயிருந்தது.

அவர் வயரைத் தடவிக்கொண்டே போனார். வீடு எண்பதுகளில் மாமனார் கட்டியது. என் மேசை இருப்பது அடுக்களையை ஒட்டிய அரங்கில். நெல்லும் பருப்பும் பாத்திரமும் வைக்கும் ஜன்னலில்லாத அறை. கல்யாணமாகி வந்தபிறகு படிக்க இடம் கேட்டபோது எனக்குக் கிடைத்தது. கட்டும்போது அங்கே பிளக்கே கிடையாது. பின்னாளில் கிரைண்டர் மேடைக்குப் பின்னாலுள்ள பெட்டியிலிருந்து ஓர் இழுப்பு இழுத்துக் கொடுத்திருந்தார்கள். "இது அடுக்களை லைனுல்லா தாயி" என்றார். மோட்டார், கிரைண்டர், மிக்ஸி, பிரிட்ஜ், இவற்றின் வாலில் என் கம்ப்யூட்டர். டிவிக்குத் தனி லைன் இருந்தது. 1929இல் வர்ஜீனியா வுல்ஃப், எழுதும் பெண்ணுக்குத் தனக்கென ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்றார். எனக்கு அறையும் இருந்தது, சம்பளமும் இருந்தது. லைன்தான் இல்லை.

மெயின் போர்டைத் திறந்ததும் அவர் பேச்சை நிறுத்தினார். நியூட்ரல் கம்பிகளெல்லாம் சேரும் பித்தளைப் பட்டையில் அடுக்களை லைனின் திருகு மட்டும் கரியாக இருந்தது. பழைய அலுமினியக் கம்பி. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, திருகுக்கடியில் தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்தில் இன்னும் சூடேறும். பாரம் ஏறும்போதெல்லாம் வோல்டேஜ் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கம்பியின் தோலும் உருகத் தொடங்கியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தீப்பிடிச்சிருக்கும்" என்றார். அந்தப் போர்டுக்குக் கீழேதான் கேஸ் சிலிண்டர் இருந்தது.

மிக்ஸி பொறுத்துக்கொண்டது. கிரைண்டர் முனகிக்கொண்டே ஆட்டியது. பிரிட்ஜ் மங்கி மங்கிக் குளிர்ந்தது. கம்ப்யூட்டர் மட்டும் முடியாது என்றது. அதைத்தான் ஏழு மாதம் நோயாளி என்றோம்.

அன்று மாலை வீட்டில் பேச்சு நடந்தது. திருகைச் சரிசெய்வதில் யாருக்கும் மறுப்பில்லை. என் மேசைக்குப் போர்டிலிருந்து தனி லைன் இழுப்பதில்தான் சிக்கல். சுவரை வெட்ட வேண்டும், போன வருடம் அடித்த பெயின்ட் போகும். "லேப்டாப் வாங்கிரலாமே" என்றார் கணவர். நாங்கள் பார்த்த லேப்டாப்புகளில் அந்த நீலத் துளை இல்லை. பிறகு அவர் அன்பாகவே சொன்னார்: "அடுக்களை வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் கேசட்டப் போடேன். பிரச்சினையே இல்லையே."

தொழில்நுட்பப்படி அது சரியான தீர்வு. செலவே இல்லாதது. இரண்டு பாரமும் ஒரே நேரத்தில் ஏறாவிட்டால் வோல்டேஜ் விழாது. பெண்களுக்கு எல்லாக் காலத்திலும் சொல்லப்பட்டுவரும் யோசனையும் இதுதான்: உன் வேலையைப் பிறகு வைத்துக்கொள். அந்தப் 'பிறகு' எப்போது வருகிறது? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கூலியில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் அதில் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலையில் இறங்கிய ஆண்கள் 97 நிமிடம். என் கணக்கில் சொன்னால் 299 நிமிடம் என்பது ஆறு கேசட் பக்கங்களுக்கு மேல். அடுக்களை முடிந்தபின் மிச்சமிருப்பது யாமம்தான். பகல் முழுக்க வகுப்பெடுத்த உடம்பு அதையும் கொடுத்துவிட்டால் தூங்குவது எப்போது?

தனி லைன் வேண்டும் என்றேன். சுவரை வெட்டுவது என் சம்பளத்தில் என்றும் சொன்னேன். இரண்டு நாள் வேலை. போர்டிலிருந்து நேராக என் மேசைக்குப் புதுச் செம்புக்கம்பி, அதற்கெனத் தனி டிரிப்பர் சுவிட்ச். அடுக்களைக்கும் பழைய அலுமினியத்தை எடுத்துவிட்டுச் செம்பு. புறவாசலில் உப்பும் கரியும் போட்டுப் புது எர்த் குழி. கோடையில் அதில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்; மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது. புது எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி. எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல பட்டுச்சேலையின் விலைக்குள் முடிந்தது.

பின்னாளில் எனியாக் கம்ப்யூட்டரைப் பற்றிப் படித்தபோது அந்த இரண்டு பத்திப் பட்டியலை நினைத்துக்கொண்டேன். 1946இல் பிலடெல்பியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட இயந்திரம் அது. உள்ளே சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள். அணைத்துப் போடும்போதுதான் குழாய்கள் அதிகமாகப் போகும் என்பதால் அதை அணைக்காமலே வைத்திருக்கப் பார்த்தார்கள். அதற்குக் கணக்கு அமைத்துக் கொடுத்தவர்கள் கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன் என்ற ஆறு பெண்கள். ரகசியத் திட்டம் என்பதால் தொடக்கத்தில் இயந்திரம் இருந்த அறைக்குள் அவர்களுக்கு அனுமதியில்லை. வரைபடங்களை வைத்தே அதைக் கற்றார்கள். எது பழுது என்பதைக் குறிப்பிட்ட ஒரு குழாய்வரை சுட்டிக்காட்டும் அளவுக்குத் தேறினார்கள். பிப்ரவரியில் நடந்த அறிமுக விழாவில் இயந்திரம் போட்டுக் காட்டிய கணக்கு ஜென்னிங்ஸும் ஸ்னைடரும் இரவெல்லாம் உழைத்துச் சரிசெய்தது. அன்றிரவு விருந்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. படங்களில் இயந்திரத்தருகே நின்ற பெண்கள் அழகுக்காக நிறுத்தப்பட்டவர்கள் என்றே வெகுகாலம் பலர் நினைத்தார்கள். "சார் எப்ப வருவாவ?" என்ற கேள்விக்கு வயது அதிகம்.

வீட்டில் மின்கருவி ஏதாவது நின்று நின்று எழுந்தால், கருவியைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் நேரத்தை எழுதிவையுங்கள். பக்கத்தில் அந்நேரம் வீட்டில் என்ன ஓடியது என்பதையும் எழுதுங்கள். விளக்கு மங்குகிறதா, மிக்ஸியின் குரல் இறங்குகிறதா என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவர் உங்கள் அடுக்களையிலேயே இருப்பார். போர்டை நீங்களே திறக்க வேண்டாம், தெரிந்தவரைத் திறக்கச் சொல்லி அருகில் நின்று பாருங்கள். கருகல் வாடை வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். வீடு கட்டுகிறவர்கள் பிளானில் டிவிக்கும் ஏசிக்கும் புள்ளி குறிக்கும்போது எழுதும் மேசை எங்கே என்றும் குறித்துவிடுங்கள். பிற்பாடு கேட்டால் அடுக்களையிலிருந்துதான் இழுப்பார்கள்.

முப்பத்தாறில் முப்பத்துநாலு கேசட்டுகள் அடுத்த பொங்கலுக்குள் மாறின. இரண்டில் பூசணம் பிடித்து நாடா ஒட்டிவிட்டது. ஐந்தரைக்கு மோட்டார் ஓட, ஆறே முக்காலுக்குச் சட்னி அரைய, அரங்கில் ஒரு ஆச்சி தன் தமையனுக்கு ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பாள். ஊர் ஊராக விசாரித்து, பாடியவர்களின் வீடுகளுக்கு அவரவர் குரலைக் கொடுத்து வருகிறேன். பத்தமடைப் பக்கம் ஒரு வீட்டில், பீடி சுற்றும் தட்டோடு உட்கார்ந்திருந்த பேத்தி ஒருத்தி ஃபோனைக் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டாள். இரைச்சலைக் குறைத்து இன்னும் சுத்தமாக்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "நடுவுல ஆச்சி இருமுதால்லா, அத மட்டும் அழிச்சிராதீங்க."